சக்கரத்துக்குள் ஒரு சிவப்புப் பொய்





ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கியபோது, நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவரின் வாப்பா நம்மை நிறுத்திக் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய மகன் மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருந்தார். வீலின் இடைவெளிகள் வழியே செக்கச் சிவந்த ஒரு பொருள் பளபளத்தது. "ஹஜ்ரத், இது பிரேக்குக்கு மேலே மாட்டுகிற வெறும் கவராம். வேகக் காரில் வருகிற பெரிய பிரேக் போலத் தெரியவேண்டும் என்று மாட்டியிருக்கிறான். இது மார்க்கத்தில் கூடுமா?" என்று கேட்டார்.

நாம் சிரித்துவிட்டோம். "சிவப்பு நிறத்தில் என்ன பாவம் இருக்கிறது காக்கா? பிள்ளை ஆசைப்பட்டுவிட்டது, விடுங்கள்" என்று கூறி நகர்ந்தோம்.

சில மாதங்களுக்குப் பின், மகனைப் பார்க்கச் சென்ற உம்மா அதே காரில் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, முன்சக்கரத்திலிருந்து இரும்பு கிழிவது போல ஓசை எழுந்தது. ஓரமாக நிறுத்திப் பார்த்தால், கவரை ஒட்டியிருந்த பசை வெப்பத்தில் இளகி, கவர் நழுவி, சுழலும் வீலின் உட்புறத்தை அரைத்துக்கொண்டிருந்தது. எவருக்கும் தீங்கு நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் அந்தச் செய்தியைக் கேட்ட இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு வாப்பா கவலையோடு கொண்டுவந்த கேள்வியை நாம் வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம். நாம் சொன்ன பதில் தவறானது. அதைத் திருத்துவது நம்மீது கடமை என்பதால் இதை எழுதுகிறோம்.

நாம் சொல்ல வருவது இதுதான். பிரேக்கின் அளவு உயிரோடு தொடர்புடைய அமானத். அதன் வண்ணமோ இன்று அந்தஸ்தின் விளம்பரமாகிவிட்டது. அமானத்தைக் கவனியாமல் விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கும் நோய் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறது. இதைச் "சின்ன விஷயம்" என்று தள்ளிவிட முடியாது.

காலிப்பரின் வேலை என்ன?

பழிப்பதற்கு முன் அறிந்துகொள்வது நீதி. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டமான உலோகத் தகடு டிஸ்க் எனப்படும். அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கைதான் காலிப்பர். நாம் பிரேக் மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. பிஸ்டன்கள் பிரேக் பேட்களை டிஸ்க்கின்மீது அழுத்துகின்றன. உராய்வு பிறக்கிறது, காரின் ஓட்டம் வெப்பமாக மாறுகிறது, கார் நிற்கிறது.

இந்த வெப்பம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு மேலிடும். 2300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது சுமார் 8.9 லட்சம் ஜூல் ஆற்றல் வெளியேற வேண்டும். 30 பாகை வெப்பத்திலுள்ள மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதே கார் 200 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அந்த ஆற்றல் இரு மடங்காகாது, நான்கு மடங்காகும். ஏனெனில் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகத்தை விரும்பும் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

பெரிய டிஸ்க்குக்கும் பெரிய காலிப்பருக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. டிஸ்க்கின் விட்டம் கூடினால், பேட் பிடிக்கும் இடம் சக்கரத்தின் மையத்திலிருந்து தள்ளிப் போகும். அதே அழுத்தத்தில் சக்கரத்தை நிறுத்தும் விசை கூடும். உலோகத்தின் அளவு கூடுவதால் அதிக வெப்பத்தைத் தாங்கும். பிஸ்டன்கள் பல இருந்தால் நீண்ட பேட்டின்மீது அழுத்தம் சீராகப் பரவும். மலைச்சரிவில் இறங்கும்போதும் பந்தயத்தடத்தில் மீண்டும் மீண்டும் மிதிக்கும்போதும் சிறிய பிரேக் சூடேறித் தளர்ந்துபோகும் இடத்தில் பெரிய பிரேக் தளராமல் நிற்கும்.

ஆனால் பலர் அறியாத மற்றோர் உண்மையும் உண்டு. சாதாரணச் சாலையில் ஒரே ஒருமுறை அழுத்தி மிதிக்கும்போது, கார் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது சாலையைப் பற்றியிருக்கும் டயர். சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லை வரைக்கும் அழுத்தும் வலிமை சாதாரணக் காரின் நல்ல பிரேக்குக்கும் உண்டு. அந்த எல்லையைத் தொட்டபின் காலிப்பர் எத்தனை பெரிதாயினும் கூடுதல் பயன் இல்லை. தேய்ந்த டயரின் மேல் பத்துப் பிஸ்டன் காலிப்பர் இருந்தும் என்ன பயன்?

மின்சாரக் காரில் பிரேக் உறங்குகிறது

மின்சாரக் காரில் கதை இன்னும் வேறு. ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கும்போது, சக்கரத்தைச் சுழற்றிய அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. காலிப்பர் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது. 2019-இல் வெளிவந்த போர்ஷே டைகான் காரைப் பற்றி அதன் தயாரிப்பாளரே கூறியது, அன்றாட ஓட்டத்தில் பிரேக் பிடிக்கும் தருணங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை மோட்டார்களே பார்த்துக்கொள்கின்றன என்பதாகும். அந்தக் கார் அப்போது 265 கிலோவாட் வரை ஆற்றலை மீட்டது. 2024-இல் வந்த புதுப்பிப்பில் அது 400 கிலோவாட்டாக உயர்ந்தது. ஹூண்டாய் அயோனிக் 5 என் காரில் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.6 மடங்கு வரை மோட்டாரைக் கொண்டே வேகத்தைக் குறைக்க முடியும். அது மிதமான பிரேக் அன்று. நன்றாக அழுத்திப் பிடித்ததற்குச் சமம்.

இந்த உண்மையிலிருந்து இருவேறு முடிவுகள் பிறந்திருப்பதைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் தனது ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களின் பின்சக்கரங்களில் டிஸ்க்கையே வைக்கவில்லை. பழைய டிரம் பிரேக்கை வைத்தது. பின்பிரேக்குக்கு வேலை குறைவு என்பதும், மூடிய டிரம்முக்குள் துரு எளிதில் ஏறாது என்பதும் அதற்கான காரணங்கள். அதே குழுமத்தைச் சேர்ந்த போர்ஷேயோ டைகான் டர்போ எஸ் வகையில் முன்னே 420 மில்லிமீட்டர், பின்னே 410 மில்லிமீட்டர் விட்டமுள்ள பீங்கான் கலவை டிஸ்க்குகளை வைத்து, முன்காலிப்பருக்குப் பத்துப் பிஸ்டன்களைக் கொடுத்தது.

"அப்படியானால் பெரிய பிரேக் எல்லாம் வெறும் பகட்டு, வீண்விரயம்" என்று மிம்பரிலிருந்து முழங்கிவிடுவது எளிது. நம்மைப் போன்ற ஆலிம்கள் செய்யும் பிழையே அதுதான். அறியாத துறையில் அவசரத் தீர்ப்பு வழங்குகிறோம். ஒருநாள் அலட்சியமாகச் சிரிக்கிறோம்; மறுநாள் ஆத்திரமாக ஹராம் என்கிறோம். இரண்டும் அறிவு ஆகா. பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் மோட்டார் ஆற்றலைத் திருப்பி அனுப்ப இடமில்லை. கடுங்குளிரில் பேட்டரி அதை முழுமையாக ஏற்காது. ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும் நொடியில், மோட்டாரோடு காலிப்பரும் சேர்ந்துதான் காரை நிறுத்த வேண்டும். மின்சாரக் கார்கள் பேட்டரியால் கனமானவை. வேக வகைகளோ நொடிப்பொழுதில் பாயக்கூடியவை. இரண்டேகால் டன் எடையை 200 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுசெல்லும் ஒருவன், அதை மீண்டும் மீண்டும் நிறுத்தும் வலிமையையும் உடன் வைத்திருப்பது கடமை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை நாம் அனைவரும் அறிவோம். வேகமான ஒட்டகத்துக்கு வலுவான கயிறு தேவை. இதில் விவாதம் இல்லை.

விவாதம் கயிற்றின் வண்ணத்தில் தொடங்குகிறது.

வண்ணங்களால் ஆன ஏணி

காலிப்பருக்கு வண்ணம் எதற்கு? உலோகம் துருப்பிடிக்காமலும் அரிக்காமலும் இருக்க ஒரு பூச்சு தேவை. அது கறுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தாலும் அந்த வேலையைச் செய்யும். சிவப்புப் பூச்சு ஒரு மீட்டர் முன்னதாகக் காரை நிறுத்தாது. மஞ்சள் பூச்சு ஒரு பாகை வெப்பத்தைக் குறைக்காது. வண்ணத்துக்கும் நிறுத்தும் ஆற்றலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆனாலும் வண்ணம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. டைகான் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை வகையின் காலிப்பர் கறுப்பு. அதற்கு மேலுள்ள 4எஸ் வகையில் சிவப்பு. அதற்கும் மேலான டர்போவில், டங்ஸ்டன் கார்பைடு பூசிய 415 மில்லிமீட்டர் முன்டிஸ்க்கோடு வெள்ளைக் காலிப்பர். அதற்கும் மேலுள்ள டர்போ எஸ் வகையில் பீங்கான் டிஸ்க்கோடு மஞ்சள். தொழிலறிந்தவர்கள் இதை அடையாளக் குறியீடு என்பார்கள்; பிரேக்கின் வகையை வண்ணத்தால் அறியலாம் என்பார்கள். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் அந்த நியாயம் பொருந்தலாம். அங்கே டிஸ்க்கின் பொருளே வேறு. ஆனால் ஏணியின் முதலிரண்டு படிகளைப் பாருங்கள். அடிப்படை வகையிலும் 4எஸ் வகையிலும் முன்டிஸ்க் 360 மில்லிமீட்டர், பின்டிஸ்க் 358 மில்லிமீட்டர். இரண்டிலும் முன்காலிப்பருக்கு ஆறு பிஸ்டன்கள். மாறியது வண்ணம். கறுப்பு சிவப்பானது, அவ்வளவே. அந்தச் சிவப்பு பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாங்கியவரின் பணப்பையைப் பற்றிச் சொல்கிறது.

இது ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டுமன்று. டெஸ்லா மாடல் 3 காரின் பெர்ஃபார்மன்ஸ் வகையில் காலிப்பர் சிவப்பு. அங்கே முன்டிஸ்க்கும் 320 மில்லிமீட்டரிலிருந்து 355 மில்லிமீட்டராகப் பெரிதானது உண்மை. பின்டிஸ்க் இரண்டிலும் 335 மில்லிமீட்டர்தான். கியா இவி6 ஜிடி காரில் 380 மில்லிமீட்டர் முன்டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குக் கண்ணைப் பறிக்கும் பச்சை. கார் நின்றிருக்கும்போதே, கண்ணாடி ஏற்றப்பட்டிருக்கும்போதே, உள்ளே இருப்பவர் யார் என்று தெரியாதபோதே, "நான் உயர்ந்த வகை" என்று அந்த வண்ணம் வழிப்போக்கரிடம் அறிவிக்கிறது. வாங்கியவர் பேச வேண்டியதே இல்லை, சக்கரம் பேசிவிடுகிறது.

ரஹ்மானின் நல்லடியார்களை அறிமுகப்படுத்தத் தொடங்கும் இடத்தில், அல்ஃபுர்கான் அத்தியாயம் முதலில் எதைக் குறிப்பிடுகிறது? அவர்களின் தொழுகையை அன்று, நோன்பை அன்று, பூமியின்மீது அவர்கள் பணிவாக நடக்கும் நடையைக் குறிப்பிடுகிறது. கால்நடையாகச் சென்ற காலத்தில் நடை என்பது பாதத்தில் இருந்தது. இன்று நம் நடை சக்கரத்தில் இருக்கிறது. அந்த நடை பணிவானதா, மார்தட்டுவதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டாமா?

பொய்யின் இரட்டை ஆடை

மேற்சொன்னவற்றில் குறைந்தபட்சம் ஓர் உண்மை உண்டு. மஞ்சள் காலிப்பரின் உள்ளே பெரிய பிரேக் இருக்கிறது. இனி, நம் மாணவர் வாங்கிய பொருளுக்கு வருவோம்.

காலிப்பர் கவர் என்பது பிளாஸ்டிக்காலோ மெல்லிய அலுமினியத்தாலோ ஆன ஓடு. சாதாரணக் காலிப்பரின்மீது கொக்கியாலோ பசையாலோ அதை ஒட்டுகிறார்கள். சிறிய காலிப்பர் பெரிதாகத் தோன்றும். சாம்பல் நிறம் சிவப்பாகும். பலவற்றில் இத்தாலியின் புகழ்பெற்ற பிரேக் நிறுவனமான பிரெம்போவின் பெயர் அனுமதியின்றிப் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த ஓடு காரை நிறுத்துவதில் எந்தப் பங்கும் வகிப்பதில்லை. மாறாக, காலிப்பர் காற்றில் ஆறுவதைத் தடுக்கிறது. வெப்பத்தை உள்ளே தேக்குகிறது. வீலுக்கும் காலிப்பருக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. நழுவினால் என்ன நேரும் என்பதை அந்த உம்மா கேட்ட ஓசை நமக்குக் கற்பித்துவிட்டது.

ஆக, உயிர்காக்கும் கருவியின்மீது ஒரு பொய்யை ஒட்டி, அந்தப் பொய்யால் அதே கருவியைப் பலவீனமாக்கி, அதற்குக் காசும் கொடுத்து வருகிறோம். இதைவிடத் தெளிவான வீண்விரயம் எது?

தனக்கு வழங்கப்படாததை வழங்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவரை, பொய்யின் இரண்டு ஆடைகளை அணிந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவான செய்தி இது. ஆடை ஏன் இரண்டு? நாம் இப்படி விளங்கிக்கொள்கிறோம்: தன்னிடம் இல்லாததை இருப்பதாகப் பிறரிடம் சொல்வது ஒன்று, தன்னிடம் இருப்பதை இழிவென்று தனக்கே சொல்லிக்கொள்வது மற்றொன்று. அந்த மாணவரின் காரில் இருந்த பிரேக் நல்ல பிரேக். அது அவரைப் பல்லாயிரம் கிலோமீட்டர் பத்திரமாகச் சுமந்தது. அல்லாஹ் அளித்த அந்த நிஃமத்தை மறைக்க வேண்டிய வெட்கமாக அவர் கருதினாரே, அதுவன்றோ நம்மை வேதனைப்படுத்துகிறது!

இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ளுங்கள். கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்தது. ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்தார்கள். மோசடி செய்பவரைத் தம் சமூகத்தோடு சேர்க்க மறுத்தார்கள். கவர் மாட்டிய காரை நாளை பழைய விலைக்கு விற்கும்போது, வாங்குபவர் அதை உயர்வகைப் பிரேக் என்று நம்பிக் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் எந்தக் கணக்கில் சேரும்? நனைந்த தானியத்தின் கணக்கில் அல்லவா?

வரக்கூடிய மறுப்புகள்

"அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று ஹதீஸ் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இருக்கிறது. நல்ல ஆடையும் நல்ல காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் வினவியபோது கூறப்பட்ட பதில் அது. ஆனால் அதன் பிற்பகுதியை ஏன் விழுங்கிவிடுகிறீர்கள்? உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று அதே ஹதீஸில் விளக்கம் வருகிறது. தயாரிப்பாளரே பச்சை பூசித் தந்த காலிப்பரை ரசிப்பது அழகுணர்ச்சி. அதைக் கொண்டு கறுப்புக் காலிப்பர் வைத்திருக்கும் அண்டை வீட்டாரை அளப்பது பெருமை. பூச்சு ஒன்றுதான், பார்வை இரண்டு.

"வண்ணம் பூசுவதை ஹராமாக்க நீங்கள் யார்?" என்பார்கள். நாம் ஆக்கவில்லை. பொருள்கள் அடிப்படையில் ஆகுமானவை என்பது ஃபிக்ஹின் விதி. வெப்பம் தாங்கும் பூச்சைத் தகுந்த தொழிலாளியைக் கொண்டு, பிஸ்டன் உறைகளிலும் பேட்டிலும் படாமல் பூசிக்கொள்பவரை நாம் குறைகூறோம். ஆகுமான செயலையும் நிய்யத் புரட்டிவிடும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் அந்தஸ்து மோகத்துக்கும் முகஸ்துதிக்கும் தனி நூற்பகுதியே ஒதுக்கினார்கள். ஆடையாலும் தோற்றத்தாலும் மனிதன் தன்னைக் காட்டிக்கொள்ளும் வழிகளை அதில் பிரித்துப் பிரித்து ஆராய்ந்தார்கள். அன்று அவர்கள் கண்ட நோய் இன்று சக்கரத்துக்குள் குடியேறியிருக்கிறது.

"என் பணம், என் கார்" என்பார்கள். பணம் உங்களுடையது, சாலை உங்களுடையதன்று. அதிலும், எத்தனை பேரின் பணம் உண்மையில் அவர்களுடையது? சாதாரண வகை தேவைக்குப் போதுமென்று தெரிந்தும், அந்தச் சிவப்புக்காக உயர்வகையைத் தேர்ந்து, வித்தியாசத் தொகையை வட்டிக்கடனில் ஏற்றும் இளைஞர்களை நாம் அறிவோம். பெரிய டிஸ்க்கைக் கொள்ளப் பெரிய வீல் வேண்டும். பெரிய வீலுக்கு விலை கூடிய, ஓரம் மெலிந்த டயர் வேண்டும். அந்த டயர் குழியில் எளிதில் அடிபடும். பெரிய வீலால் ஒரு சார்ஜில் ஓடும் தொலைவும் குறையும். பந்தயத்தடத்தை வாழ்நாளில் ஒருமுறையும் காணாத ஒருவர், பந்தயத்தடத்துக்கான பிரேக்கை வட்டியில் வாங்கி, பள்ளிக்கூட வாசலிலும் பேரங்காடி நிறுத்துமிடத்திலும் காட்சிக்கு வைக்கிறார். ஊரில் அவருடைய தங்கையின் படிப்புச் செலவுக்குப் பணம் போகவில்லை. இந்தக் கணக்கை மறுமையில் எப்படி ஒப்புவிப்பார்?

"இதைவிடப் பெரிய பாவங்கள் எத்தனையோ இருக்க, காலிப்பரைப் பற்றி எழுதுகிறீர்களே?" என்றும் கேட்பார்கள். அன்றிரவு படிக்கட்டில் நாமும் இப்படித்தான் நினைத்தோம். ஆனால் நம் மதரஸாப் பிள்ளைகள் பாடவேளை முடிந்ததும் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டோம். எந்தக் காரில் எந்த வண்ணக் காலிப்பர் என்று பத்து வயதுப் பிள்ளை தடையின்றி ஒப்பிக்கிறது. "சிவப்புதான் கெத்து, கறுப்பு வேஸ்ட்" என்று தீர்ப்பும் கூறுகிறது. பிரேக் எதற்கு என்று கேட்டால் விழிக்கிறது. மனிதர்களை நிறத்தாலும் விலையாலும் தரம்பிரிக்கும் பழக்கம் இவ்வளவு சிறிய பொருளில்தான் முளைவிடுகிறது. வேர்விட்டபின் அதைப் பிடுங்கப் பெரிய பயான்கள் போதா.

செய்ய வேண்டியவை

பெற்றோரே, பிள்ளை "சிவப்புக் காலிப்பர் மாட்டட்டுமா?" என்று கேட்டால் கடிந்துகொள்ள வேண்டாம், நாம் செய்ததுபோல் சிரித்து ஒதுக்கவும் வேண்டாம். காரின் அருகே அழைத்துச் சென்று நான்கு கேள்விகள் கேளுங்கள். டயரின் பள்ளம் போதிய ஆழம் இருக்கிறதா? பிரேக் பேட்டின் தடிமன் எவ்வளவு மிச்சம்? பிரேக் ஆயிலைக் கையேடு கூறும் காலத்தில் மாற்றினாயா? டிஸ்க்கில் துரு படிந்திருக்கிறதா?

மின்சாரக் காரில் இந்த நான்காம் கேள்வி மிக முக்கியம். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால், உறங்கிக் கிடக்கும் டிஸ்க்கில் துரு ஏறும். பேட் இறுகிப் போகலாம். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் இது விரைவில் நிகழும். ஆளில்லாத பாதுகாப்பான சாலையில் அவ்வப்போது பிரேக்கை நன்றாக அழுத்திப் பிடிப்பதும், ஆண்டுக்கொருமுறை தேர்ந்த தொழிலாளியிடம் காலிப்பரைப் பரிசோதிப்பதும் நல்லது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் விரைவில் கொதிக்கும். கொதித்தால் மிதி ஆழமாக இறங்கும், கார் நிற்காது. சிவப்புக் கவருக்குச் செலவிடும் தொகை இவற்றுக்குப் போகட்டும். ஏற்கெனவே கவர் மாட்டியிருப்பவர்கள் இன்றே கழற்றிவிடுங்கள். உயிரைப் பாதுகாப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. இந்தப் பராமரிப்பை நிய்யத்தோடு செய்தால் இபாதத்தின் நன்மை கிடைக்கும் என்று ஆதரவு வைக்கிறோம்.

வசதி படைத்தவர்களுக்கும் ஒரு சொல். அல்லாஹ் உங்களுக்குச் செல்வத்தை அளித்து, ஹலாலான பணத்தில் வேகமான காரை வாங்கினீர்களா? அதன் பெரிய பிரேக்கை முழு மனதோடு வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள்மீதுள்ள கடமை. சில தயாரிப்பாளர்கள் உயர்வகைப் பிரேக்கையும் கறுப்புக் காலிப்பரோடு தேர்ந்துகொள்ளும் வசதியைத் தருகிறார்கள். வலிமை முழுதாக இருக்கும். விளம்பரம் மட்டும் இராது. வலக்கை தருவதை இடக்கை அறியாதிருப்பது தர்மத்தின் அழகென்று கற்றவர்கள் நாம். சக்கரத்தின் வலிமையைத் தெரு அறியாதிருந்தால் என்ன குறைந்துவிடும்?

அந்த மாணவர் விடுமுறையில் ஊர் வந்தபோது நம்மைப் பார்க்க வந்தார். கவரைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். அவர் மன்னிப்புக் கேட்பதற்கு முன் நாம் கேட்டுக்கொண்டோம். கேள்வி வந்த இரவிலேயே உரிய பதிலைச் சொல்லாத குற்றம் நம்முடையது.

யா அல்லாஹ்! எங்களிடம் உள்ளதைக் கொண்டு எங்களைப் போதுமாக்குவாயாக. இல்லாததை இருப்பதாகக் காட்டும் பொய்யிலிருந்து எங்கள் நாவையும் ஆடையையும் வாகனத்தையும் காப்பாயாக. சாலையில் செல்லும் எங்கள் பிள்ளைகளையும், அவர்களின் சக்கரங்களுக்கு முன்னே வரும் பிறர் பிள்ளைகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.